மேயரை எங்கே வைத்திருக்கிறாய்?

டாம்பா,
பிப்ரவரி 9

ரோவீனா,

'அன்புள்ள' என்று ஆரம்பிக்க மனம் வரவில்லை. என் குதிரை எங்கே?

செவ்வாய்க்கிழமை காலை டேரன் லாயத்துக்குப் போயிருக்கிறான். மேயர் இல்லை. அவனுடைய சேணம், தலைக்கயிறு, தீவன மூட்டை எதுவும் இல்லை. பக்கத்துக் கொட்டடியில் உன் பெண்குதிரை பிளம்மும் இல்லை. லாயக்காரி சிரித்துக்கொண்டே நீ எழுதிய சீட்டை நீட்டினாளாம். 'நானும் மேயரும் பிளம்மும் முகாம் போகிறோம். அக்கா எனக்கு எழுத வேண்டுமானால் ஒக்கீச்சோபி தபால் நிலையத்துக்கு என் பெயரைப் போட்டு அனுப்பட்டும், நான் போய் வாங்கிக்கொள்வேன்.'

டேரன் சமையலறையில் நின்று கத்தினான். "சித்தி குதிரையத் திருடிட்டுப் போயிடுச்சும்மா! போனையும் அணைச்சு வச்சிருக்கு. வியாழக்கிழமை அந்தப் பள்ளிக்கூடத்தம்மா வண்டியோட வந்து நின்னா நான் எதக் காட்டுறது? என் நாய்க்குட்டியையா?"

எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அவனுக்குத் தெரியாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். ஆனால் இது சிரிக்கிற விஷயம் இல்லை. பிளாண்ட் சிட்டி சவாரிப் பள்ளியில் மேயரை நன்றாக வைத்துக்கொள்வார்கள். புதிதாகக் கற்றுக்கொள்ள வரும் பெரியவர்களுக்கு அவனைப் போல நிதானமான குதிரை வேண்டும் என்று அந்த அம்மாள் தேடித் தேடி வந்திருக்கிறாள். அறுவையில் பொருத்திய புது இடுப்போடு, நடைவண்டியைப் பிடித்தபடி குளியலறைக்குப் போய்வரும் நான் அவனை வைத்து என்ன செய்ய?

அறுபத்தொரு வயதில் குதிரைத் திருடி என்ற பெயர் உனக்குத் தேவையா? திரும்பி வா.

டெல்மா


கிஸிம்மி புல்வெளி முகாம்,
பிப்ரவரி 17

அக்கா,

திருடவில்லை. கூட்டிக்கொண்டு வந்தேன். திருடுகிறவள் சீட்டு எழுதி வைத்துவிட்டா போவாள்?

போனை அணைத்ததற்குக் காரணம் உன் மகன்தான். அதில் ஏதோ அழுத்தினால் நான் நிற்கிற மரம் வரைக்கும் அவனுக்குத் தெரிந்துவிடும். நான் ஆத்திரத்தில் வந்தது உண்மை. நவம்பரில் நீ மேயர்மேலிருந்து விழுந்தாய், ஜனவரியில் குதிரைக்கு ஆள் பார்க்கிறான்! அம்மா படுக்கையில் இருக்கும்போதே அவளுடைய உயிரை எடுத்து விற்கிற பிள்ளையைப் பற்றி எங்கே போய்ச் சொல்ல.

இங்கே நன்றாக இருக்கிறது. பகலில் வெயில், இரவில் ஒரு கம்பளி போதும். எந்தப் பக்கம் பார்த்தாலும் தரை ஒரே மட்டம், வானம்தான் பெரிது. நாங்கள் ஐந்து வண்டிகள். எல்லோரும் வடக்கே பனிக்குப் பயந்து குதிரைகளோடு இறங்கி வந்தவர்கள். பக்கத்து வண்டிக்காரர் மிச்சிகன் ஆள். வேகவைத்த நிலக்கடலையை முதல்முறை தின்றுவிட்டு, "இது என்ன, நனைஞ்சுபோச்சா?" என்று என்னிடம் கேட்டார். ஒரு மணி நேரத்தில் சட்டி காலி.

மேயர் முதல் நாள் பட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தான், வழக்கம்போல நகராட்சியைப் பார்வையிடுகிற மாதிரி. நேற்று நீர்க்காலில் ஒரு முதலை வெயில் காய்ந்தது. நின்று பார்த்தான், ஒன்றும் சொல்லாமல் விலகி நடந்தான். காட்டுப்பன்றி என்றால்தான் அவனுக்கு ஆகாது, உனக்குத் தெரியாததா. அன்றைக்கும் அவன்மேல் தப்பு இல்லை அக்கா. புதருக்குள்ளிருந்து ஏழெட்டுப் பன்றிகள் ஒரே நேரத்தில் பாய்ந்தால் நானாக இருந்தாலும் துள்ளியிருப்பேன்.

ஒரு உதவி. அவனுடைய இரத்தப் பரிசோதனைச் சான்று இந்த மாதத்தோடு காலாவதி. புதியது உன் அலமாரியில் இருக்கிறது. அது இல்லாவிட்டால் எந்த முகாமிலும் குதிரையை உள்ளே விடமாட்டார்கள். இங்கேயும் இரண்டு வாரத்துக்கு மேல் தங்க முடியாது, கிளம்ப வேண்டும். டேரனுக்குத் தெரியாமல் அனுப்பு.

ரோவீனா


டாம்பா,
பிப்ரவரி 25

ரோவீனா,

சான்று என் கையில்தான் இருக்கிறது. அனுப்பமாட்டேன்.

அது இல்லாமல் உன்னை எங்கும் சேர்க்கமாட்டார்கள் என்று நீயே எழுதியிருக்கிறாய். நல்லது. அப்படியே வண்டியைத் திருப்பி வீட்டுக்கு வா. டேரன் உன்னை ஒன்றும் சொல்லமாட்டான், நான் பேசிவிட்டேன். அந்தப் பள்ளிக்கூடத்து அம்மாளும் காத்திருப்பதாகச் சொல்கிறாள்.

நடைவண்டியை விட்டுக் கைத்தடிக்கு வந்துவிட்டேன். டேரன் காலையில் சோளக்கஞ்சி வைத்துவிட்டு வேலைக்குப் போகிறான். உப்புப் போட மறக்கிறான், நான் சொல்வதில்லை. எதிர்வீட்டுக்காரன் சனிக்கிழமை தவறாமல் புல் வெட்டுகிறான். அந்த வாடை வந்தால் ஜன்னலைச் சாத்திவிடுகிறேன்.

முதலையைப் பற்றி இனி எழுதாதே.

டெல்மா


வித்லகூச்சி காடு,
மார்ச் 20

அக்கா,

நீ அனுப்பாவிட்டால் நான் திரும்பிவிடுவேன் என்று நினைத்தாயா? ஊருக்குள் ஒரு கால்நடை மருத்துவரைப் பிடித்தேன். இளம் பெண். மேயர் கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றான், ஊசி குத்தி இரத்தம் எடுத்ததுகூட அவனுக்குத் தெரியவில்லை. புதுச் சான்று வாங்கிவிட்டேன். "இவ்வளவு சாதுவா ஒரு குதிரைய நான் பார்த்ததே இல்ல, யாருது?" என்றாள். "எங்கக்காவோடது" என்றேன்.

புல்வெளிக்குப் பிறகு இது மூன்றாவது முகாம். ஒரு இடத்தில் கட்டெறும்பு. இன்னொரு இடத்தில் தண்ணீர்க் குழாயில் கந்தக நாற்றம், பிளம் வாய் வைக்கவில்லை. இங்கே எல்லாம் சரியாக இருக்கிறது, ஆனாலும் நேற்றே மூட்டை கட்டத் தோன்றியது. ஏன் என்று தெரியவில்லை. காலையில் காபியைக் கையில் எடுத்தால் அடுத்த முகாமின் பெயர்தான் நினைவுக்கு வருகிறது. வெயிலும் ஏறிவிட்டது. வடக்கத்திக்காரர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பிப் போகிறார்கள். மிச்சிகன்காரர் போகும்போது, "நீங்க எப்ப வீட்டுக்குப் போவீங்க?" என்று கேட்டார். "இதுதான் வீடு" என்று, குதிரைகளும் நானும் ஒன்றாகக் குடியிருக்கிற டிரெய்லரைக் காட்டினேன். தொப்பியைத் தொட்டுவிட்டுப் போனார்.

டேரனிடம் சொல். குதிரை அவனுடைய சொத்து இல்லை. உன் கால் சரியாகி நீ வந்து ஏறுகிற வரைக்கும் நான் கயிற்றை விடமாட்டேன். நீ பயப்படாதே, நான் உன் பக்கம்தான்.

அடுத்து மறுபடி புல்வெளிக்கே போகிறேன். ஒக்கீச்சோபிக்கே எழுது.

ரோவீனா


டாம்பா,
மார்ச் 30

ரோவீனா,

நீ என் பக்கம் நிற்கிறேன் என்று எழுதியதைப் படித்தபிறகு இதை மறைப்பது சரியில்லை.

டேரன் விற்கவில்லை. நான்தான் விற்கிறேன். அந்தப் பள்ளியைத் தேடிப் பிடித்ததும் நான்தான், மருத்துவமனைப் படுக்கையிலிருந்தே போன் செய்தேன். உன்னிடம் சொல்லத் தைரியம் இல்லாமல், "அம்மாவால முடியாது, அதனால நானே ஏற்பாடு பண்ணினேன்னு சித்திகிட்டச் சொல்லுடா" என்று பிள்ளையின் தலையில் போட்டேன். இரண்டு மாதமாக நீ நேரிலும் கடிதத்திலும் பொழிந்த வசவையெல்லாம் அவன் வாயைத் திறக்காமல் வாங்கிக்கொண்டான்.

எனக்குப் பயமாக இருக்கிறது ரோவீனா. இடுப்பு சரியாகிவிட்டது, டாக்டர் படம் எடுத்துக் காட்டினார். ஆனால் கண்ணை மூடினால் தரை மேலே வருகிறது. டிசம்பரில் டேரன் என்னை லாயத்துக்கு அழைத்துப் போனான். மேயர் என் குரலைக் கேட்டதும் கதவுக்கு மேலே தலையை நீட்டினான். நான் காரைவிட்டே இறங்கவில்லை. "குளிருதுடா, போகலாம்" என்றேன். டாம்பாவில் குளிராம்! மேயர் கனைத்துக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். சூடு கண்ட பூனை என்று சொல்வார்களே, அப்படி ஆகிவிட்டேன். நாற்பது வருடம் குதிரைமேல் இருந்தவள்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். கோபப்படாமல் படி. நீ மேயரைக் காப்பாற்றவில்லை. நீயும் வெஸ்லியும் குடித்தனம் நடத்திய வீட்டை, அவன் இறந்ததும் விற்றாய். பள்ளிப் பேருந்து ஓட்டுகிற வேலையையும் விட்டாய். காலில் சக்கரம் கட்டிக்கொண்டு மூன்று வருடமாக ஓடுகிறாய். முன்பு என்னோடு சவாரி போவதைச் சாக்கு வைத்துக்கொண்டாய், இப்போது என் குதிரையை. ஒரு இடத்தில் உட்கார்ந்தால் வெஸ்லி வந்து பக்கத்தில் உட்கார்ந்துவிடுவான் என்று பயம் உனக்கு.

வா. உட்காரலாம். நானும் சும்மாதான் உட்கார்ந்திருக்கிறேன்.

டெல்மா


ஏப்ரல் 8

டெல்மா,

வெஸ்லி பெயரை எழுத உனக்கு யார் உரிமை கொடுத்தது?

ராத்திரியெல்லாம் அந்தப் பிள்ளையைத் திட்டிக்கொண்டு படுத்தேனே, இரண்டு மாதம்! அவனிடம் மன்னிப்புக் கேட்டேன் என்று சொல். உன்னிடம் கேட்க ஒன்றும் இல்லை. பயமாக இருக்கிறது என்று என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் வேறு யாரோவா?

நான் எங்கே போகிறேன் என்று எனக்கே தெரியாது. எழுதாதே.

ரோ


டாம்பா,
ஏப்ரல் 22

ரோவீனா,

எழுதாதே என்றாய். எழுதுகிறேன். இந்தக் கடிதத்தை நீ வாங்குவாயா என்று தெரியவில்லை.

தொலைக்காட்சியில் உன் பக்கம் தீ என்கிறார்கள். ஆறு வாரமாக மழை இல்லையாம், புல் பற்றிக்கொண்டு ஓடுகிறதாம். நீ எந்த முகாமில் இருந்தாலும் புகை வந்தால் பார்த்துக்கொண்டு நிற்காதே. மேயரை முதலில் டிரெய்லரில் ஏற்று, அவன் நேரம் எடுத்துக்கொள்வான். பிளம் தானாக ஏறிவிடும். உனக்குத் தெரியும், இருந்தாலும் எழுதுகிறேன். கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

டெல்மா


அர்கேடியா, ரோடியோ மைதானம்,
மே 3

ரோவீனா,

நீ கண் விழித்ததும் நர்ஸிடம் கேட்ட முதல் கேள்வி "குதிரைங்க எங்க?" என்பதாம். போனில் சொன்னாள். என்னிடம் இருக்கின்றன. இரண்டும் நலம். இதை டேரன் கையில் கொடுத்தனுப்புகிறேன். நீ மயக்க மருந்து வேகத்தில் எதைச் சொன்னாலும் நம்பமாட்டாய், படித்தால் நம்புவாய்.

ஞாயிற்றுக்கிழமை மாலை புல்வெளி முகாம் காவலர் பர்விஸ் போன் செய்தார். "உங்க தங்கச்சி வயித்தப் பிடிச்சுக்கிட்டு பட்டி ஓரமாச் சுருண்டு கிடந்தாங்கம்மா. ஆம்புலன்ஸ்ல செப்ரிங் ஆஸ்பத்திரிக்கு ஏத்தி அனுப்பிட்டோம். அவசரத்துக்கு யாரக் கூப்பிடறதுன்னு அவங்க எழுதிக் குடுத்ததுல உங்க நம்பர்தான் இருக்கு." என் மேல் அவ்வளவு கோபத்தோடு சுற்றிக்கொண்டிருந்தவள் என் நம்பரைத்தான் எழுதியிருக்கிறாய்.

குடல்வால் வெடிக்கிற நிலையில் இருந்ததாம். அறுவை முடிந்து நீ பிழைத்துவிட்டாய் என்று தெரிந்ததும், மறுநாள் விடிந்தவுடன் டேரனும் நானும் குதிரைகளுக்காக முகாமுக்குப் போனோம். கண்ணுக்கெட்டிய தூரம் தெற்கே வானம் பழுப்பு. வனத்துறை ஆட்கள் வாசலிலேயே நின்றார்கள். மதியத்துக்குள் எல்லாரும் காலி செய்ய வேண்டும், காற்று திரும்பிவிட்டது என்றார்கள். மற்ற வண்டிகள் போய்விட்டிருந்தன. உன் டிரெய்லர் மட்டும் தனியாக.

பிளம் ஏறிவிட்டாள். மேயர் ஏறவில்லை. டேரன் கயிற்றைப் பிடித்து இழுத்தான், பர்விஸ் பின்னாலிருந்து தட்டினார். அவன் முன்னங்கால்களைத் தூக்கி நின்றான். புகை வாடை மூக்கில் ஏறி, கண் வெள்ளை தெரிய, உடம்பு முழுக்க வியர்வை. கயிறு டேரனின் உள்ளங்கையை உரித்துவிட்டது. நான் காருக்குள் உட்கார்ந்திருந்தேன். கதவைப் பூட்டிக்கொண்டு.

பர்விஸ் கேட்டார், "இவனுக்குப் பழக்கமான ஆளு வேற யாரும் இல்லையா?" டேரன் என் பக்கம் பார்த்தான். பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு, "இல்ல சார். பட்டியத் தொறந்து விட்ருவோம், ஓடிப் பொழைச்சுக்குவான்" என்றான். என்னைக் காப்பாற்றுவதற்காக அப்படிச் சொன்னான். அது எனக்குக் கேட்டது ரோவீனா. ஓடிப் பிழைத்துக்கொள்வானாம். எல்லாப் பக்கமும் ஒரே மட்டமான காய்ந்த புல். எங்கே ஓடுவான்?

எப்படி இறங்கினேன் என்று எனக்கு நினைவில்லை. தடியை ஊன்றிக்கொண்டு அவன் எதிரே நின்றேன். கண்ணை மூடாமல் வைத்துக்கொண்டேன். வாய் தானாகப் பேசியது. "ஏண்டா தடியா, ஊரே காலி பண்ணிட்டுப் போயிடுச்சு, மேயர் மட்டும் மேடையில நின்னு பேசப் போறீங்களா?" அவன் காது திரும்பியது. "எனக்கும் பயம்தான்டா. உன்னப் பார்த்தாலே பயம். வா, ரெண்டு பேரும் பயந்துக்கிட்டே போவோம்."

கயிற்றை வாங்கினேன். டேரன், "அம்மா, வேணாம்மா, உள்ள நசுக்கிடுவான்" என்று முணுமுணுத்தான். திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் நான்தான் ஓடியிருப்பேன். தடியை வெளியே போட்டுவிட்டு, டிரெய்லர் படியில் முதலில் நல்ல காலை வைத்தேன், பிறகு புதுக் காலை. உள்ளே இருட்டு. கயிறு கையில் தளர்வாகவே இருந்தது. அவன் வரமாட்டான் என்று நினைத்தேன். பிறகு பின்னால் தரைப்பலகை அதிர்ந்தது. ஒரு குளம்பு. இன்னொன்று. அவன் மூச்சு என் பிடரியில் சுட்டது. என்னை இடிக்கவே இல்லை.

பக்கக் கதவு வழியாக வெளியே வந்ததும் டேரன் கையைப் பிடித்துக்கொண்டேன். புல்மேல் உட்கார்ந்து அழுதேன். "அம்மா, வண்டியில ஏறி அழலாமே, தீ வருது" என்றான். நல்ல பிள்ளை.

டேரன் உன் வண்டியை ஓட்டினான், பர்விஸ் அவன் காரை ஓட்டி வந்தார். தீயிலிருந்து தப்பிய குதிரைகளுக்காக, குதிரைப் போட்டி நடக்கிற இந்த மைதானத்தைத் திறந்துவிட்டிருக்கிறார்கள். முகாமின் பட்டிகள் எரிந்துவிட்டன என்று நேற்றுச் சொன்னார்கள்.

டேரன் வேலைக்குத் திரும்ப வேண்டும். நான் போகவில்லை. உன் டிரெய்லரில்தான் இருக்கிறேன். உன் மேல்கட்டிலுக்கு ஏற முடியவில்லை, சாப்பாட்டு பெஞ்சில் படுக்கிறேன். வெஸ்லியின் சட்டை அலமாரியில் தொங்குகிறது. பார்த்தேன். நான் எழுதியது தப்பு. அதாவது, எழுதிய விதம் தப்பு.

டெல்மா


செப்ரிங், மருத்துவமனை,
மே 5

அக்கா,

டேரன் கடிதத்தைக் கொடுத்துவிட்டுக் கட்டை விரல் நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றான். அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். "விடு சித்தி, நீ திட்டினது நல்லாத்தான் இருந்துச்சு. புதுப் புது வார்த்தையா கத்துக்கிட்டேன்" என்றான்.

கடிதத்தை நாலு தடவை படித்தேன். பழுப்பு வானம் என்று எழுதியிருக்கிறாயே, சனிக்கிழமையே அதைப் பார்த்தேன். கிளம்பியிருக்க வேண்டும். மூன்று வருடமாக ஒன்றும் இல்லாததற்கெல்லாம் கிளம்பியவள், கிளம்ப வேண்டிய அன்று வயிற்றுவலியோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். வலிக்க வலிக்க உட்கார்ந்திருந்தபோது நீ சொன்னது சரிதான் என்று தெரிந்தது. வெஸ்லி வந்தான். வந்து உட்கார்ந்தான். அவ்வளவுதான். அதற்குமேல் எழுதத் தெரியவில்லை.

இங்கே படுத்திருப்பது நரகம். இரண்டு நாளாக எழுந்து நடந்து நடந்து நர்ஸிடம் பேச்சு வாங்குகிறேன். ஆறு வாரம் எதையும் தூக்கக் கூடாதாம். புல்கட்டு, தண்ணீர் வாளி, சேணம் எதுவும்.

மேயரை என்ன செய்யப் போகிறாய்? நேராகச் சொல். டேரன் வாயால் வேண்டாம்.

ரோவீனா


அர்கேடியா,
மே 8

ரோவீனா,

நேராகச் சொல்கிறேன். டேரன் இன்று மாலை இந்தக் கடிதத்தைக் கொண்டுவந்து தருவான், அவ்வளவுதான்.

ஒரு தடவை அவனைக் கூட்டிக்கொண்டு டிரெய்லருக்குள் போனதால் பயம் போய்விடவில்லை. மறுநாள் சேணம் போட்டேன். ஏறும் மேடையில் நின்றேன். சேணத்தில் தொங்கும் வளையத்தில் காலையும் வைத்தேன். தரை மேலே வந்தது. இறங்கிவிட்டேன். மேயர் அசையாமல் நின்றான், அவனுக்குப் புரிந்திருக்கும். தண்ணீர் வைக்கிறேன், தேய்த்து விடுகிறேன், கூடவே நடக்கிறேன். அவ்வளவுதான் இனி.

நேற்று அந்தப் பள்ளிக்கூடத்து அம்மாளை வரச் சொன்னேன். அவள் ஒரு மாணவரையும் கூட்டி வந்தாள். காப்பீட்டு ஏஜென்ட், ஐம்பது வயது, பெருத்த உடம்பு, குதிரையைத் தொட்டதே இல்லையாம். மேயரைப் பார்த்ததும், "கடிக்குமா?" என்று கேட்டார். "நீங்க பாலிசி எடுக்கச் சொல்லித் தொந்தரவு பண்ணலேன்னா கடிக்காது" என்றேன். ஏறி உட்கார்ந்தார். மேயர் அவரைச் சுமந்துகொண்டு மைதானத்தைச் சுற்றினானே, நகர்வலம்! காது இரண்டும் முன்னால், வால் லேசாக ஆட, ஒவ்வொரு வண்டியாக நின்று பார்த்துக்கொண்டு. அந்த மனிதர் இறங்க மறுத்தார். நான் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கூப்பிட்டு நிறுத்திவிடலாம் என்று வாய் வரைக்கும் வந்தது. ஆனால் என்னோடு வெறுமனே கயிற்றில் நடக்கிற குதிரை இல்லை அவன். அவனுக்கு முதுகில் ஆள் வேண்டும்.

அவன் என்னுடையவன், முடிவும் என்னுடையது. பள்ளிக்குத்தான் போகிறான். உனக்குத் தெரியாமல் ஒப்படைக்க மாட்டேன். நாளை உன்னை அனுப்புகிறார்கள் என்று டேரன் சொன்னான். இரண்டு குதிரைகளையும் ஏற்றிக்கொண்டு நானே வருகிறேன். வண்டி ஓட்டலாம் என்று டாக்டர் மார்ச்சிலேயே சொல்லிவிட்டார், நான்தான் டேரனிடம் மூச்சுவிடவில்லை. இரண்டு பேருமாகப் போய் மேயரை விடுவோம். நீ முன்சீட்டில் உட்கார்ந்து என்னைத் திட்டலாம், வழி நீளம்.

அதன்பிறகு எங்கே என்று யோசிக்கவில்லை. பிளம் இருக்கிறாள். நீ தூக்கக் கூடாததை நான் தூக்குவேன், நான் ஏற முடியாததில் நீ ஏறு.

டெல்மா


மருத்துவமனை, மூன்றாம் மாடி,
மே 9

அக்கா,

இதை நர்ஸ் கீழே கொண்டு வந்து தருவாள். வெயிலில் குதிரைகளை விட்டுவிட்டு நீ மேலே வராதே.

ராத்திரி முழுக்க உன்னோடு சண்டை போடத் தயாரானேன். எதை முதலில் சொல்வது, எதை அடுத்து என்று மனதுக்குள் எழுதிக்கூட வைத்தேன். காலையில் ஜன்னலுக்கு வந்தால், கார் நிறுத்துமிடத்தில் மூன்று பேர் இடத்தை அடைத்துக்கொண்டு என் டிரெய்லர் நிற்கிறது. கோணலாக. பேருந்து ஓட்டியவள் சொல்கிறேன், உனக்கு வண்டி நிறுத்தத் தெரியவில்லை.

டிரெய்லர் ஜன்னலைத் திறந்தாய். மேயர் தலையை நீட்டினான். நீ அவன் நெற்றியில் உன் நெற்றியை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றாய். காவலாளி வந்து ஏதோ கேட்டார், நீ நெற்றியை எடுக்காமலே கையை ஆட்டி அனுப்பினாய். பின்னால் என் அறைக்காரி எட்டிப் பார்த்து, "யாரும்மா அது, அழறாங்க?" என்றாள். "எங்கக்கா. குதிரையப் பள்ளிக்கூடத்துல சேர்க்கப் போறா" என்றேன்.

சரி அக்கா. கொடுத்துவிடலாம். திட்டமாட்டேன். முன்சீட்டில் சும்மா உட்கார்ந்து வருகிறேன், முடிந்த வரைக்கும்.

டாக்டர் இன்னும் கையெழுத்துப் போட வரவில்லை. சட்டை மாற்றிவிட்டேன், செருப்பு மாட்டிவிட்டேன், பையை எடுக்கக் கூடாது என்பதால் அதைக் காலால் தள்ளித் தள்ளிக் கதவு வரைக்கும் கொண்டு வந்துவிட்டேன். உட்காரச் சொல்கிறார்கள். எங்கே உட்காருவது? நான் இல்லாமல் கிளம்பிவிடாதே.

ரோவீனா